தலையை மட்டும் மாத்தாதீங்க பாஸ்!

ஒரு கல்யாண ஜோடி குடை பிடிச்சு நிக்குது. பின்னாலிருந்து வெளிச்சம். தூறல் ஒவ்வொண்ணும் முத்து முத்தா மின்னுது. பார்த்திருப்பீங்க. உங்க அக்கா ஆல்பத்துல இருக்கும், எதிர்வீட்டு அண்ணன் ஆல்பத்துலயும் இருக்கும். உங்க போன்ல நேத்து ராத்திரி மட்டும் நாலு தடவை வந்திருக்கும்.

ஒரு ரகசியம் சொல்லட்டா? அது மழையே இல்லை. ஃபிரேமுக்கு வெளியே ஒருத்தன் தோட்டத்து ஹோஸ் பைப்பைக் கட்டை விரலால் அமுக்கிக்கிட்டு, பாதி நனைஞ்சு நிப்பான். சில மாசமா அந்த ஒருத்தன் நான்தான்!

கும்பகோணம் பக்கம் பதினெட்டு வருஷமா கல்யாணப் படம் எடுக்கிற ஓர் அண்ணனுக்கு சனி, ஞாயிறுகளில் லைட் பிடிக்கப் போறேன். சம்பளம் சுமார்தான், ஆனா பந்தியில முதல் வரிசை. "என் பேரைப் போட்டுடாத தம்பி, சொந்தக்காரன் எல்லாம் ரேட் குறைச்சுக் கேப்பான்" என்று கண்டிஷன் போட்டதால், இந்தக் கட்டுரை முழுக்க அவர் வெறும் அண்ணன்.

அந்தக் குடை ஷாட்டை அண்ணன் மூணு வருஷம் விடாம எடுத்திருக்கார். ஒருநாள் ஆர்டர் பேசப் போன வீட்டுல, பக்கத்து வீட்டுக்காரங்க தங்க பொண்ணு ஆல்பத்தைக் கொண்டுவந்து காட்டினாங்களாம். வேற யாரோ எடுத்தது. அதே குடை, அதே மழை, அதே ஆங்கிள். "தலையை மட்டும் வெட்டி மாத்திட்டா அது யார் கல்யாணம்னே தெரியாது தம்பி. அன்னிக்கு ராத்திரி எனக்குச் சோறு இறங்கலை" என்றார். சிரிச்சுக்கிட்டேதான் சொன்னார். ஆனா அதுக்கப்புறம் ஹோஸ் பைப்பை அவரா எடுக்கிறதில்லை. பார்ட்டி அடம் பிடிச்சா மட்டும்தான். அப்போதான் நான் நனைவேன்.

சரி, லைட்டுக்கு வருவோம். கேமரா தலையிலேயே ஃபிளாஷை மாட்டி நேரா அடிச்சா என்ன ஆகும்? மணமக்கள் முகம் சுண்ணாம்பு அடிச்ச சுவர், பின்னாடி மண்டபம் கும்மிருட்டு. காரணம் பிளஸ் டூ பிசிக்ஸ்லயே இருக்கு. தூரத்தோட வர்க்கத்துக்கு எதிர்விகிதத்தில் வெளிச்சம் குறையும். ஃபிளாஷிலிருந்து 2 மீட்டர்ல மாப்பிள்ளை, 6 மீட்டர்ல மாமா நின்னா, மாப்பிள்ளைக்குக் கிடைச்சதுல ஒன்பதில் ஒரு பங்குதான் மாமாவுக்கு. அஞ்சு மார்க்குக்காக மனப்பாடம் பண்ண சமாசாரம், மண்டபத்துல மாமா ரூபத்துல இருட்டில் நிக்குது!

அதனால அண்ணன் முதல்ல செய்யற வேலை, ஃபிளாஷைக் கேமராவிலிருந்து கழட்டறது. கேமரா மேல ஒரு ரேடியோ டிரிக்கர், ஃபிளாஷ் என் கையில இருக்கிற நீளக் கம்பியோட நுனியில. இப்போ வெளிச்சம் எந்தப் பக்கமிருந்து வரணும்னு நாமதான் முடிவு பண்றோம். பக்கவாட்டில் வெச்சா மூக்குத்திக்கு உயிர் வரும். பின்னாடி வெச்சா தலையில் வெச்ச மல்லி ஒவ்வொண்ணும் தனித்தனியா தெரியும். ஹோமப் புகையை எடுத்துக்கோங்க. முன்னாலிருந்து அடிச்சா புகை வெறும் மங்கல், படமே பால் ஊத்தின மாதிரி ஆயிடும். பின்னாலிருந்து அடிச்சா அதே புகை சுருள் சுருளா எழும்பும். (வாத்தியார் முகத்துக்கு நேரா கம்பியை நீட்டி ஒருநாள் நல்லா வாங்கிக் கட்டிக்கிட்டேன். மந்திரத்துக்கு நடுவுல திட்டினார், ஆனா ராகம் மாறலை.)

எனக்கு ரொம்பப் பிடிச்சது அட்சதைதான். ஷட்டர் 1/200 நொடியில் இருந்தா பறக்கிற அரிசி கோடு கோடாத்தானே தெரியணும்? ஆனா அந்தரத்துல மணி மணியா நிக்குது. எப்படின்னா, ஃபிளாஷ் பவரைக் குறைக்கும்போது அது வெளிச்சத்தை மங்கலாக்குறதில்லை, சீக்கிரமா அணைச்சுடுது. உள்ளே இருக்கிற எலெக்ட்ரானிக் சுவிட்ச், கபாசிட்டர் முழுசா காலியாகறதுக்குள்ள கதவைச் சாத்திடும். பவர் குறையக் குறைய மின்னல் நேரமும் குறைஞ்சு, நொடியில் பல்லாயிரத்தில் ஒரு பங்குவரைக்கும் போகும். சுத்தி இருக்கிற வெளிச்சம் கம்மியா இருந்தா, படத்துல பதியறது அந்த மின்னல் மட்டும்தான். ஆப்பிளைத் துளைச்சுக்கிட்டுப் போற துப்பாக்கிக் குண்டை 1964-ல் படம் பிடிச்ச ஹெரால்ட் எட்ஜர்டன் நம்ம ஆளுதான், எம்.ஐ.டி.யில் எலெக்ட்ரிக்கல் இன்ஜினீயரிங் புரொஃபசர்! டிரிபிள் ஈ மக்களே, காலரைத் தூக்கி விட்டுக்கோங்க.

மாப்பிள்ளை அழைப்புக்கு வேற டெக்னிக். சாயங்காலம் வானம் முழுசா இருட்டாகாத நேரம். ஃபிளாஷ் மேல ஆரஞ்சு கலர் தாள் ஒட்டி, கேமராவை மஞ்சள் பல்புக்கான செட்டிங்ல வெச்சா, முகம் இயல்பா இருக்கும், வானம் மட்டும் அடர் நீலமாயிடும். ஷட்டரை நீட்டிவெச்சு, கடைசி நேரத்துல ஃபிளாஷ் அடிக்கிற மாதிரி செட் பண்ணிட்டா, நகர்ற கார் தெளிவா நிக்கும், அதோட விளக்குகள் பின்னால வால் மாதிரி நீளும். அந்தக் காலத்துல ஊர்வலத்துக்கு வெளிச்சம் கொடுத்தது தலையில தூக்கிட்டு வந்த பெட்ரோமாக்ஸ். அதைச் சொன்னா நமக்கு 1984-ல் வந்த கவுண்டமணி, செந்தில் காமெடிதான் ஞாபகம் வருது. அண்ணனுக்கோ "அது ஒரு நல்ல சைடு லைட் தம்பி!"

இவ்வளவும் டெக்னிக். டெக்னிக்கை யார் வேணா கத்துக்கலாம். கத்துக்கிட்டு எல்லாரும் ஒரே படத்தை எடுக்கலாம். அதுதான் நடந்துக்கிட்டு இருக்கு. ரிசப்ஷன்ல ஒரு பக்கம் நீலம், ஒரு பக்கம் ரோஸ் கலர் ஃபிளாஷ் அடிக்கிறதெல்லாம் புதுசுன்னு சொல்றாங்க. எனக்கென்னவோ பொண்ணு மாப்பிள்ளை மீன் தொட்டிக்குள்ள நிக்கிற மாதிரிதான் தெரியுது. (அண்ணனுக்கு அது பிடிக்கும். நாங்க ரெண்டு பேரும் இதுல பேசிக்கிறதில்லை.)

அப்போ தனக்குன்னு ஒரு படம் எங்கேர்ந்து கிடைக்கும்? அண்ணன் செய்யற காரியம் ரொம்ப சாதாரணமானது. கல்யாணத்துக்கு ஒரு வாரம் முன்னால பொண்ணு வீட்டுக்கும் மாப்பிள்ளை வீட்டுக்கும் கேமரா இல்லாம போவார். காபி குடிப்பார். வீட்டுல யார் என்ன வேலை செய்யறாங்க, எந்த ஜன்னல்ல எப்போ வெயில் வரும்னு பார்ப்பார். அந்த வாரம் முழுக்க வேற யார் கல்யாணப் படத்தையும் பார்க்க மாட்டார்.

திருபுவனத்துல ஒரு கல்யாணம். பட்டுக்குப் பேர்போன ஊர், 2019-ல் புவிசார் குறியீடு வாங்கின பட்டு. பொண்ணோட அப்பா நெசவாளி. அவர் ஏதாவது ரிசார்ட்டுக்குப் போய் எடுக்கலாம்னுதான் சொன்னார். செலவைப் பத்திக் கவலை வேண்டாம், கடன் வாங்கியாவது தர்றேன்னார். வீட்டுல எடுக்கலாம்னு அண்ணன் சொன்னதும் அவர் முகம் சுருங்கிடுச்சு.

"வேணாம் தம்பி. ஓட்டு வீடு. சுவரெல்லாம் ஓதம். சம்பந்தி வீட்டுல ஆல்பத்தைப் பார்த்தா என்ன நினைப்பாங்க?"

அண்ணன் பதில் சொல்லலை. பொண்ணுதான் உள்ளேர்ந்து வந்து சொல்லிச்சு. "எனக்குத் தறியில எடுத்தா போதும்ப்பா. அதுலதானே என்னைப் படிக்க வெச்சீங்க." அவர் கொஞ்ச நேரம் ஒண்ணும் பேசலை. அப்புறம் எழுந்து போய், தறி மேல காயப்போட்டிருந்த துண்டை எடுத்து மடிச்சு வெச்சார். சம்மதம்னு அர்த்தம்.

தறியில் அப்போ அரக்கு நிறப் பாவு ஏறியிருந்தது. அண்ணன் டியூப்லைட்டை அணைக்கச் சொன்னார். ஃபிளாஷோட என்னைப் பாவுக்குக் கீழே, மூலையில் குந்த வெச்சார். கலர் தாள் எதுவும் ஒட்டலை. அவர் தறிக்குழியில் காலைத் தொங்கப்போட்டு உட்கார, பொண்ணு பக்கத்துல நின்னு நூலைத் தொட்டுக்கிட்டு இருந்தது. கிளிக்! வெள்ளை வெளிச்சம் ஆயிரக்கணக்கான பட்டு இழைகள் வழியா வந்து, ரெண்டு பேர் முகத்துலயும் சிவப்பா விழுந்திருந்தது. ஓதம் அடிச்ச சுவர் இருட்டுல மறைஞ்சு போச்சு. கேமரா பின்னாடி இருக்கிற குட்டித் திரையில அவர் ரொம்ப நேரம் பார்த்தார். "இது நம்ம வீடா?" என்று மட்டும் கேட்டார். இந்தப் படத்தை வேற எந்தக் கல்யாணத்துலயும் எடுக்க முடியாது. தலையை மாத்தினாலும் செல்லாது.

இப்போ நான் சொதப்பின கதை. இதே கல்யாணத்துல மாப்பிள்ளை வீட்டுக்காரங்க தனியா ஒரு போட்டோகிராபரைக் கூட்டிட்டு வந்திருந்தாங்க. அவரும் அதே கம்பெனி டிரிக்கர், அவரும் சேனல் ஒண்ணு. விளைவு? அவர் கிளிக் பண்ணும்போதெல்லாம் என் கையில இருந்த ஃபிளாஷ் பேய் பிடிச்ச மாதிரி தானா மின்னுது! கல்யாணக் குஷியில ஏதோ லூஸ் கான்டாக்ட்னு விட்டுட்டேன். கெட்டிமேளம் கொட்டிச்சு. மாப்பிள்ளை தாலியை எடுத்தார். அண்ணன் அழுத்தறதுக்கு ஒரு கணம் முன்னால அந்தப் போட்டோகிராபர் அழுத்திட்டார். என் ஃபிளாஷ் அவருக்காக முழு பவர்ல அடிச்சுட்டு காலி. பென்சில் பேட்டரி போட்ட ஃபிளாஷ் முழு பவர்ல அடிச்சா திரும்பச் சார்ஜ் ஏற ரெண்டு மூணு நொடியாவது ஆகும். முதல் முடிச்சு இருட்டுல போச்சு.

மூணு முடிச்சுன்னு வெச்ச முன்னோர்களுக்குக் கோடி கும்பிடு! ரெண்டாவது முடிச்சுக்கு ஃபிளாஷ் தயாராயிடுச்சு. அன்னிக்கு அண்ணன் என்னைத் திட்டலை. அதுதான் ரொம்பக் கஷ்டமா இருந்தது. ஃபிளாஷ் விழாத அந்த முதல் படத்தை எப்படியோ தேத்தி, புள்ளி புள்ளியா இருந்தாலும் கருப்பு வெள்ளையில ஆல்பத்துல வெச்சுட்டார். இப்பல்லாம் மண்டபத்துல நுழைஞ்சதும் எதிர் டீமைத் தேடிப் போய், "சார், நீங்க எந்த சேனல்?" என்று கேக்கறதுதான் என் முதல் வேலை. தாலி கட்டற நேரத்துல எந்தப் பரிசோதனையும் கிடையாது, பத்திரமான லைட்தான். விளையாட்டெல்லாம் அதுக்கு முன்னேயும் பின்னேயும்.

உங்களுக்கும் கை துறுதுறுக்குதா? பழைய கேமரா ஒண்ணு, கையாலேயே பவர் மாத்தற ஃபிளாஷ் ஒண்ணு, டிரிக்கர், ஒரு தெர்மாகோல் அட்டை போதும். ஹாஸ்டல் ரூம் டியூப்லைட்டை அணைச்சுட்டு, ரூம்மேட் கையில ஒரு மக் தண்ணியைக் கொடுத்து வீசச் சொல்லுங்க. முதல்ல 1/200-ல் எடுங்க. அப்புறம் 1/1000 வெச்சுப் பாருங்க. சாதாரண ஃபிளாஷா இருந்தா படத்துல ஒரு பெரிய கருப்புப் பட்டை விழும். ஷட்டரோட ரெண்டு திரையும் ஒண்ணு பின்னால ஒண்ணு துரத்திக்கிட்டு ஓடறதால, ஃபிளாஷ் அடிக்கிற நொடியில சென்சார் முழுசா திறந்திருக்காது. அதனாலதான் பெரும்பாலான கேமராக்களுக்கு 1/200 இல்லைன்னா 1/250தான் எல்லை. லேப்ல இப்படிச் சொல்லிக் கொடுத்திருந்தா நான் இன்னும் நாலு அரியரைக் கிளியர் பண்ணியிருப்பேன்.

இதை எழுதி முடிக்கிற நேரத்துல அண்ணன்கிட்டேர்ந்து போன். வர்ற ஞாயிற்றுக்கிழமைக் கல்யாணத்துப் பொண்ணோட அப்பா, அரசு பஸ் டிரைவராம். கடைசி டிரிப் முடிஞ்சு பஸ் டிப்போவுக்கு வந்ததும், அனுமதி கேட்டு, உள்ளே சீட்டுக்கு அடியில மூணு ஃபிளாஷ் ஒளிச்சு வெக்கணும்னு பிளான். ராத்திரி பதினோரு மணி ஆகும்கிறார். திங்கக்கிழமை காலையில எனக்கு இன்டர்னல்.

பேட்டரியைச் சார்ஜ்ல போட்டுட்டேன்.