முதல் ஷேர் வாங்கப் போறீங்களா? எல்.ஐ.சி ஐபிஓ கணக்கை ஒருமுறை பார்த்துட்டு வாங்க!

2022 மே மாதம். வருஷா வருஷம் பிரீமியம் கட்டுவதோடு எல்.ஐ.சி-யை மறந்துவிடும் குடும்பங்கள்கூட 'டீமேட்' என்று பேச ஆரம்பித்த மாதம் அது. பாலிசிதாரர்களுக்கென்றே 10% பங்குகள் ஒதுக்கீடு, பங்குக்கு 60 ரூபாய் தள்ளுபடி. புதுக்கோட்டை, அறந்தாங்கி மாதிரி ஊர்களில் பலருக்கும் ஷேர் மார்க்கெட் வீட்டுக்குள் நுழைந்த வழி இதுதான். இப்போது ஆப்பை டவுன்லோடு செய்துவிட்டு, 'எந்த ஷேர் வாங்கலாம் ப்ரோ?' என்று கேட்டுக்கொண்டிருப்பவர்களுக்கு அந்த ஐபிஓவை விட நல்ல பாடம் கிடைக்காது.

கணக்கைப் பாருங்கள். வெளியீட்டு விலை 949 ரூபாய். தள்ளுபடி போக பாலிசிதாரருக்கு 889. ஒரு லாட் என்பது 15 பங்குகள். ஆக, போட்ட பணம் 13,335 ரூபாய். மே 17-ம் தேதி சந்தையில் பட்டியலான அன்றே 875 ரூபாயில் முடிந்தது. 2023 மார்ச் கடைசியில் 530 வரை இறங்கியது. கையில் இருந்தது 7,950 ரூபாய்தான். 2024 பிப்ரவரியில் 1,000 ரூபாயைத் தாண்டியது. அதே 15 பங்குகளின் மதிப்பு 15,000-க்கு மேல்.

இந்தக் காலம் முழுக்க எல்.ஐ.சி ஓடிக்கொண்டுதான் இருந்தது. உங்கள் தெருவில் இருக்கும் ஏஜென்ட் பாலிசி பிடித்துக்கொண்டுதான் இருந்தார். மாறியது சந்தை அதற்குக் கொடுத்த விலை. ஐபிஓ திறந்த மே 4-ம் தேதியே ரிசர்வ் வங்கி திடீரென ரெப்போ வட்டியை 4.40 சதவீதமாக உயர்த்தியது. சந்தையே சறுக்கிக்கொண்டிருந்த நேரம். 2023 ஜனவரியில் ஹிண்டன்பர்க் அறிக்கையால் அதானி பங்குகள் சரிந்தபோது, அவற்றில் முதலீடு வைத்திருந்த எல்.ஐ.சி-யும் அடிவாங்கியது. நல்ல கம்பெனி என்பது வேறு, நல்ல விலை என்பது வேறு. புதிதாக வருபவர்கள் இந்த இடத்தில்தான் அதிகம் குழம்புகிறார்கள்.

2023 மார்ச்சில் வீட்டில் யாருக்காவது காலேஜ் ஃபீஸ் கட்ட அந்தப் பணத்தை எடுத்திருந்தால் 5,385 ரூபாய் போச்சு. சும்மா விட்டவருக்குச் சுமார் 21 மாதத்தில் போட்டதற்கு மேலேயே திரும்பியது. இருவரும் வாங்கியது ஒரே பங்கைத்தான். அதனால், 'எந்த ஷேர்?' என்பதற்கு முன்னால் கேட்க வேண்டியது, 'இந்தப் பணம் எனக்கு எப்போ தேவைப்படும்?' என்பதுதான். அடுத்த வருஷக் கல்யாணத்துக்குச் சேர்த்த பணம் என்றால், பேங்க் டெபாசிட்டிலேயே இருக்கட்டும்.

பணம் யாருக்குப் போகுது?

நகைச்சீட்டு கட்டுவதற்கு முன்னால் கீழராஜ வீதியில் நாலு கடை ஏறி இறங்கி, செய்கூலி எவ்வளவு, சேதாரம் எவ்வளவு என்று கேட்போம். ஐபிஓவில் மட்டும் ஏன் கேட்பதில்லை?

எல்.ஐ.சி ஐபிஓவில் திரண்ட சுமார் 20,500 கோடி ரூபாயில் எல்.ஐ.சி-க்கு ஒரு பைசாகூடப் போகவில்லை. மத்திய அரசு தன்னிடம் இருந்த 3.5% பங்கை விற்றது, பணம் முழுக்க அரசுக்கு. அதே 2022 செப்டம்பரில் தூத்துக்குடியின் தமிழ்நாடு மெர்க்கன்டைல் வங்கி 510 ரூபாய்க்குப் பங்கு வெளியிட்டபோது, அவை புதிய பங்குகள். பணம் வங்கியின் மூலதனத்தில் சேர்ந்தது. முதல் வகை தப்பு என்று அர்த்தமில்லை. ஆனால் 'நம்ம பணத்தை வைத்து கம்பெனி வளரும்' என்று நினைத்து வாங்குபவர் எந்த வகை என்று பார்த்தாக வேண்டும். வெளியீட்டு ஆவணத்தின் ஆரம்பப் பக்கங்களிலேயே அது இருக்கும். (நூற்றாண்டு பழைய அந்த வங்கியின் பங்கும் தேசியப் பங்குச் சந்தையில் முதல் நாள் 495-க்குத்தான் தொடங்கியது.)

ஐபிஓவுக்கு விண்ணப்பித்தால் பணம் உங்கள் வங்கிக் கணக்கிலேயே முடக்கிவைக்கப்படும்; பங்கு ஒதுக்கினால் மட்டுமே கழியும். வாங்கிய பங்குகள் ப்ரோக்கர் ஆப்பில் 'இருப்பதில்லை'. அவை என்எஸ்டிஎல் அல்லது சிடிஎஸ்எல் என்ற காப்பகத்தில் உங்கள் பெயரில் இருக்கும், ஸ்டேட்மென்ட் அங்கிருந்தே மெயிலில் வரும். டெலிகிராம் குரூப்பில் ஒருவர் லிங்க் அனுப்பி, ஏதோ ஒரு தனிநபர் கணக்குக்குப் பணம் போடச் சொன்னால், ஆப்பில் எத்தனை லட்சம் லாபம் காட்டினாலும் அது மோசடி. பணம் போட்டுவிட்டால் தாமதிக்காமல் 1930-க்கு போன் பண்ணுங்கள்.

பக்கத்திலேயே இருக்கும் இன்னொரு பட்டன்

அதே ஆப்பில் எஃப் அண்ட் ஓ என்று ஒன்று இருக்கும். செபி 2024 செப்டம்பரில் வெளியிட்ட ஆய்வின்படி, மூன்று நிதியாண்டுகளில் அதில் இறங்கிய தனிநபர்களில் 93% பேருக்கு நஷ்டம். சராசரியாக ஆளுக்கு சுமார் 2 லட்சம் ரூபாய். 2023-24-ல் இறங்கியவர்களில் 43% பேர் 30 வயதுக்குக் கீழே. 72 சதவீதத்துக்கு மேல் பெரிய 30 நகரங்களுக்கு வெளியே இருப்பவர்கள். அதாவது, புதுக்கோட்டை மாதிரி ஊர்க்காரர்கள்.

கணக்கு திறக்கும்போதே 'எஃப் அண்ட் ஓ வேண்டுமா?' என்று ஆப் கேட்கும், வருமானச் சான்றும் கேட்கும். அந்தப் பக்கத்தை நிரப்பாமலே தாண்டிப் போகலாம். ஷேர் வாங்க அது தேவையே இல்லை.