ஜெபப் புத்தகத்தில் ஒளிந்திருந்த பேனா

பெண் வாய் திறப்பதே குற்றம் என்றிருந்த காலத்தில், இங்கிலாந்துப் பெண்களுக்கு எழுதக் கிடைத்த அனுமதிச் சீட்டு பக்தி. அதே சீட்டு பிற்பாடு தமிழ்ப் பெண்களுக்கும் பயன்பட்டது.

பெங்களூரின் ரிச்சர்ட்ஸ் டவுன், பழைய கன்டோன்மென்ட்டின் அமைதியான மூலை. டேவிஸ் ரோட்டில் ஹோலி கோஸ்ட் சர்ச். சற்றுத் தள்ளி மில்லர்ஸ் ரோட்டில், 1910-ல் தொடங்கப்பட்ட யுனைடெட் தியாலஜிகல் காலேஜ். ஆங்கில ஜெபப் புத்தகமும் தமிழ் வேதாகமமும் ஒரே அலமாரியில் இருப்பது இந்த வட்டாரத்தில் புதிதல்ல. ஆனால் ஆங்கிலத்தில் முதலில் ஜெபம் எழுதி அச்சேற்றிய பெண்கள் யார் என்று கேட்டால், பதில் சொல்ல ஆளில்லை.

அது உயிரைப் பணயம் வைத்த வேலை. 1543-ல் எட்டாம் ஹென்றி ஆட்சியில் வந்த சட்டம், சாதாரணப் பெண்கள் ஆங்கில பைபிள் படிப்பதையே தடைசெய்தது. மேட்டுக்குடிப் பெண்கள் மட்டும் தனிமையில் படித்துக்கொள்ளலாம். இரண்டே ஆண்டுகளில், 1545-ல், அரசி கேதரின் பார் ஜெபத் தொகுப்பு ஒன்றைத் தன் பெயரிலேயே வெளியிட்டார். அடுத்த ஆண்டு, அரசியின் ஆட்கள் யார் யார் என்று கேட்டுச் சித்திரவதை செய்யப்பட்ட ஆன் ஆஸ்க்யூ, யாரையும் காட்டிக்கொடுக்காமல் லண்டனில் உயிரோடு எரிக்கப்பட்டார். தன் விசாரணையை அவரே எழுதி வைத்திருந்தார். அது அச்சாகி ஊரெங்கும் பரவியது.

அதன்பின் பெண்கள் வேறு வழி கண்டார்கள். ஊருக்கு உபதேசம் செய்யத்தானே கூடாது? பெற்ற பிள்ளைக்குப் புத்தி சொல்லலாமே! டாரதி லீ என்ற விதவை தன் மூன்று மகன்களுக்காக எழுதிய அறிவுரை நூல் 1616-ல் வெளியாகி, 20-க்கும் மேற்பட்ட பதிப்புகள் கண்டது.

மனதை உலுக்குவது எலிசபெத் ஜாஸ்லினின் கதை. வயிற்றில் குழந்தை அசைவதை உணர்ந்ததும், யாருக்கும் தெரியாமல் தனக்குச் சவத்துணி வாங்கி வைத்தார். பிரசவத்தில் பிழைக்க மாட்டோம் என்ற பயம். பிறக்கப்போகும் குழந்தைக்கு அறிவுரையும் எழுதத் தொடங்கினார். 1622-ல் பெண் குழந்தை பிறந்த ஒன்பதாம் நாள் இறந்தார். முடிவுபெறாத அந்த நூல் 1624-ல் அச்சானது - ஒரு மதகுருவின் சான்றுரையோடு. ஒரு தாயின் எழுத்துக்கு அவளது மரணமும் ஓர் ஆணின் சிபாரிசும் தேவைப்பட்டன.

எமிலியா லேனியர் இன்னும் துணிச்சல்காரர். 1611-ல் வெளியான தன் காவியத்தில், இயேசுவைச் சிலுவைக்கு அனுப்பிய ஆண்களின் பாவத்துக்கு முன்னால் ஏவாளின் பாவம் எம்மாத்திரம் என்று வாதிட்டார்.

இந்தப் பெண்களில் பலர் 'நான் பேதை, அறிவிலி' என்றுதான் தொடங்குகிறார்கள். நம் அவையடக்கம் போலவே தோன்றும். ஆனால் பாற்கடலை நக்கப்போன பூனை என்று கம்பன் தன்னைச் சொன்னபோது, அவன் கையிலிருந்து எழுத்தாணியைப் பிடுங்க யாரும் காத்திருக்கவில்லை. கம்பனுக்கு அது அணி. இவர்களுக்கு அது கேடயம். அந்த வித்தியாசம் தெரியாமல் இவர்களை மொழிபெயர்த்தால், தந்திரம் வெறும் தாழ்மையாகிவிடும்.

தமிழில் பக்திவழி பெண்குரல் புதிதல்ல. காரைக்கால் அம்மையாரும் ஆண்டாளும் இருக்கிறார்கள். ஆனால் உரைநடையும் அச்சும் பெண் கைக்கு வர 19-ம் நூற்றாண்டு ஆயிற்று. ஜான் தேவசகாயம் குருவின் மகள் அன்னா சத்தியநாதன் (1832-1878) எழுதிய நூலின் தலைப்பு 'நல்ல தாய்'. டாரதி லீ நுழைந்த அதே வாசல்! 1863-ல் கணவருடன் சென்னைக்கு வந்த அன்னா, பெண்களுக்குப் பள்ளி நடத்தினார், வீட்டைவிட்டு வெளியே வராத பெண்களைத் தேடிப்போய்ப் பாடம் சொன்னார்.

அவர் மருமகள் கிருபாபாய் ஒரு படி மேலே போனார். ஆங்கிலத்தில் அவர் எழுதிய 'சகுணா' 1887-88-ல் மெட்ராஸ் கிறிஸ்டியன் காலேஜ் பத்திரிகையில் தொடராக வந்தது. ஒரு கிறிஸ்தவப் பெண்ணின் விசுவாசம், படிப்பு, ஆசைகள் எல்லாம் அதில் உண்டு. பிள்ளைக்கு அறிவுரை என்ற போர்வை அவருக்குத் தேவைப்படவில்லை. 1894-ல், 32 வயதில், அவர் மறைந்தார். 'சகுணா' 1896-ல் தமிழுக்கு வந்தது.

அமெரிக்காவின் பிரவுன் பல்கலைக்கழகத்தில் 1988-ல் தொடங்கிய திட்டம் ஒன்று, பழைய ஆங்கிலப் பெண் எழுத்தாளர்களின் நூல்களைக் கணினியில் ஏற்றிவருகிறது. ஜாஸ்லின்களுக்கு இனி மதகுருவின் சான்றுரை வேண்டாம். அன்னாக்களைத் தேடி எடுக்கும் வேலை நமக்குக் காத்திருக்கிறது.