வேப்பெண்ணெய்க்கு வவுச்சர் இருக்கா?

ராஜபாளையத்தில் ஸ்ரீவில்லிபுத்தூர் பஸ் ஏறுகிற ஆசாமிகளுக்கு ஒரே நினைப்பு, பால்கோவா! வழியில் நிற்கிற வேப்ப மரத்தை யார் பார்க்கிறார்கள்? நானும் பார்த்ததில்லை. போன கார்த்திகையில் பக்கத்து சீட்டில் ஓர் அண்ணாச்சி வந்து உட்கார்ந்தார். மடியில் பிளாஸ்டிக் கேன்.

"நல்லெண்ணெயா அண்ணாச்சி?"

"வேப்பெண்ணெய் தம்பி. நெல்லுல இலையுறை கருகல் ஆரம்பிச்சிருக்கு. லிட்டர் தண்ணிக்கு 30 மில்லி, கொஞ்சம் காதி சோப்பு. வெயில் தாழ அடிக்கணும்."

"சோப்பு எதுக்கு?"

"எண்ணெயும் தண்ணியும் மாமியா மருமக மாதிரி. நடுவுல ஒரு ஆள் வேணும்லா?"

அந்த 3 சதவிகிதக் கணக்கைத்தான் நம் வேளாண்மைப் பல்கலைக்கழகமும் சொல்கிறது. பூஞ்சை பயிரில் வளர்ந்து பரவாமல் எண்ணெய் மறிக்கிறது. முற்றிப்போன நோய்க்கு இது சஞ்சீவி அல்ல. ஆரம்பத்திலேயே அடித்தால் பலன்.

இனிமேல்தான் கதை. இதே வேப்பெண்ணெயால் பயிர்ப் பூஞ்சையை அடக்கும் முறைக்கு, அமெரிக்காவின் டபிள்யூ.ஆர். கிரேஸ் கம்பெனியும் அந்நாட்டு விவசாயத் துறையும் சேர்ந்து கேட்க, ஐரோப்பிய பேடண்ட் அலுவலகம் 1994-ல் பேடண்ட் கொடுத்துவிட்டது. நம்ம பாட்டி சமாசாரம் அவர்கள் கண்டுபிடிப்பாம்!

1995-ல் வந்தனா சிவா உள்ளிட்டோர் ஆட்சேபித்தார்கள். 'எங்க ஊரில் எல்லோருக்கும் தெரியும்' என்றால் மியூனிக்கில் செல்லுமா? பி.காம். படித்த எனக்குத் தெரியும், வவுச்சர் இல்லாத செலவை ஆடிட்டர் ஒப்புக்கொள்ள மாட்டார். நல்லவேளை, ஓர் இந்தியக் கம்பெனி மேலாளர் போய், அவர்கள் மனுப் போடும் முன்பே நாங்கள் இதைச் செய்தோம் என்று சாட்சி சொன்னார். 2000 மே 10-ல் பேடண்ட் ரத்து. அப்பீல் 2005 மார்ச் 8-ல் தள்ளுபடி. ஒரு வேப்பெண்ணெய்க்குப் பத்து வருஷ வழக்கு!

ஸ்ரீவில்லிபுத்தூரில் இறங்கும்போது கேட்டேன், "இதையெல்லாம் எங்கேயாவது எழுதி வச்சிருக்கீங்களா அண்ணாச்சி?"

"எழுதவா? எங்கய்யா சொன்னாரு, நான் செய்யுதேன். எம்மவன் மெட்ராஸ்ல கம்ப்யூட்டர் தட்டுதான்" என்று சிரித்தார். எனக்குச் சிரிப்பு வரவில்லை.

ஆபீசில் உட்கார்ந்து இதைப் படிக்கும் மகன்களே! புது வருஷத்துக்கு ஓசியில் வந்த டைரி சும்மாதானே கிடக்கிறது? அடுத்த முறை ஊருக்குப் போனால் அப்பா என்ன தெளித்தார், எத்தனை மில்லி, எந்தத் தேதி என்று கேட்டுக் குறித்துக்கொண்டு வாருங்கள். பால்கோவா பிறகு வாங்கிக்கொள்ளலாம்.