விலை குறைந்த மஸ்டா ஆர்எக்ஸ்-8: வாங்கும் முன் இன்ஜினை அளந்து பாருங்கள்

சுங்கைப் பட்டாணி: வேலைக்குச் சேர்ந்து நான்கைந்து ஆண்டுகள் பணம் சேர்த்த இளைஞருக்கு ஸ்போர்ட்ஸ் கார் மீது ஆசை வருவது இயல்பு. புதிய கார் வாங்க வசதி இருக்காது. பழைய கார்களைத் தேடும்போது மஸ்டா ஆர்எக்ஸ்-8 கண்ணில் படும். நான்கு கதவுகள், நான்கு பேர் அமர இடம், 9,000 சுற்று வரை எகிறும் இன்ஜின். அதே வயதுள்ள மற்ற ஜப்பானிய ஸ்போர்ட்ஸ் கார்களோடு ஒப்பிட்டால் விலையும் குறைவாகத்தான் தெரியும்.

அந்தக் குறைந்த விலைக்குக் காரணம் உண்டு. இந்தக் காரின் இன்ஜின் மற்ற கார்களின் இன்ஜினைப் போல நீண்ட காலம் தாங்காது என்பது உலகம் முழுவதும் தெரிந்த செய்தி. தெரிந்து வாங்கினால் சிக்கல் இல்லை. விலையை மட்டும் பார்த்து, வீட்டில் கூட்டு எடுத்த பணத்தையும் போட்டு வாங்கிய கார் மூன்றே மாதத்தில் பட்டறையில் நின்றால் குடும்பமே தடுமாறும்.

பிஸ்டன் இல்லாத இன்ஜின்

கூலிமில் உள்ள இனோகோம் ஆலையில் மஸ்டா சிஎக்ஸ்-5 பொருத்தப்படுவதால், மஸ்டா என்ற பெயர் கெடா மக்களுக்குப் புதிதல்ல. ஆனால் ஆர்எக்ஸ்-8 அந்த வரிசையில் சேராது. 2003 முதல் 2012 வரை ஜப்பானின் ஹிரோஷிமாவில் தயாரிக்கப்பட்ட இந்தக் காரில் பிஸ்டனும் வால்வும் கிடையாது. முட்டை வடிவக் கூட்டுக்குள் முக்கோண வடிவ ரோட்டர் ஒன்று சுழல்கிறது. அப்படி இரண்டு ரோட்டர்கள், மொத்தம் 1,308 சிசி. இதற்கு ரோட்டரி இன்ஜின் என்று பெயர்.

முக்கோணத்தின் மூன்று முனைகளிலும் ஏபெக்ஸ் சீல் எனப்படும் மெல்லிய பட்டைகள் இருக்கும். காற்றும் பெட்ரோலும் ஓர் அறையிலிருந்து அடுத்த அறைக்குக் கசியாமல் தடுப்பது இவைதாம். பிஸ்டன் இன்ஜினில் வளையங்கள் செய்யும் வேலை இது. இந்தப் பட்டைகள் சுவரை உரசிக்கொண்டே ஓடுகின்றன. அவை தேயத் தேய கம்ப்ரஷன், அதாவது அறைக்குள் காற்று அழுத்தப்படும் அளவு, குறையும். போதிய கம்ப்ரஷன் இல்லாத இன்ஜின் ஒரு நாள் ஸ்டார்ட் ஆகாது.

இது புதிய தலைவலி அன்று. ஜெர்மானியப் பொறியாளர் ஃபெலிக்ஸ் வான்கெலின் இந்த இன்ஜினைப் பொருத்தி 1967இல் வெளிவந்த என்எஸ்யூ ரோ 80 காரில், சீல் தேய்மானத்தால் உத்தரவாதச் செலவு ஏறி நிறுவனமே நலிந்தது. 1969இல் அது வோக்ஸ்வாகன் குழுமத்தோடு இணைக்கப்பட்டது. மஸ்டா பொறியாளர்களும் தொடக்கத்தில் கூட்டின் உட்சுவரில் விழுந்த கீறல்களைக் கண்டு, 'பிசாசின் நகக்கீறல்' என்று பெயர் வைத்தார்கள். அதைச் சரிசெய்த பிறகுதான் 1967இல் காஸ்மோ ஸ்போர்ட் காரை விற்பனைக்குக் கொண்டுவந்தார்கள். 1991இல் பிரான்சின் லெ மான் 24 மணி நேரப் பந்தயத்தை மஸ்டா வென்றதும் ரோட்டரி இன்ஜினில்தான்.

ஆர்எக்ஸ்-8 இன்ஜின் 2003இல் உலகின் ஆண்டுச் சிறந்த இன்ஜின் விருதைப் பெற்றது. ஆனாலும் புகார்கள் குவிந்ததால், வட அமெரிக்காவில் விற்ற 2004 முதல் 2008 வரையிலான கார்களுக்கு இன்ஜின் உத்தரவாதத்தை 8 ஆண்டு அல்லது 100,000 மைல் என மஸ்டா நீட்டியது. 2009 மாடலில் சீலுக்கு ஆயில் விடும் முறையையும் திருத்தியது. எனவே வாங்குவதென்றால் 2009க்குப் பிந்திய மாடல் மேல்.

எதனால் கெடுகிறது?

முதலாவது, ஆயில். இந்த இன்ஜின் சீல்களை நனைப்பதற்காகக் கொஞ்சம் ஆயிலை வேண்டுமென்றே எரிக்கும். சர்வீஸ் தேதி வரை காத்திருந்தால் ஆயில் குறைந்து சீல் தேயும். இரண்டு முறை பெட்ரோல் நிரப்பினால் ஒரு முறையாவது ஆயில் அளவைப் பார்க்க வேண்டும்.

இரண்டாவது, இக்னிஷன் காயில். காயில் பலவீனமானால் பெட்ரோல் முழுதாக எரியாது. எரியாத பெட்ரோல் புகைக்குழாயில் உள்ள கேட்டலிட்டிக் கன்வெர்ட்டரைச் சூடாக்கி அடைத்துவிடும். வெப்பம் வெளியேற வழியின்றி இன்ஜினுக்கே திரும்பும். நம் ஊர் வெயிலிலும் நெரிசலிலும் இது மேலும் மோசமாகும்.

மூன்றாவது, நம் பழக்கம். கழுவுவதற்காக வாசலில் நிற்கும் காரை ஸ்டார்ட் செய்து, இரண்டு அடி நகர்த்தி, உடனே அணைத்துவிடுவோம். மற்ற கார்களுக்கு அதனால் ஒன்றும் ஆகாது. ரோட்டரி இன்ஜினிலோ உள்ளே பெட்ரோல் தேங்கி, அடுத்த முறை ஸ்டார்ட் ஆகாமல் போகலாம். ஸ்டார்ட் செய்தால் சூடேறும்வரை ஓடவிட்ட பிறகே அணைக்க வேண்டும்.

ஆறு எண்கள்

இந்தக் காரை வாங்குபவர் பார்க்க வேண்டியது மைலேஜ் மீட்டரையோ பளபளப்பையோ அன்று. ஆறு எண்களைப் பார்க்க வேண்டும். ஒரு ரோட்டருக்கு மூன்று அறைகள், இரண்டு ரோட்டருக்கு ஆறு அறைகள். ஒவ்வோர் அறையின் கம்ப்ரஷனையும் ரோட்டரிக்கென்றே உள்ள கருவியால் அளக்க வேண்டும். சாதாரண மீட்டர் மூன்று அறைகளில் அதிகமுள்ள எண்ணை மட்டும் காட்டும். கெட்ட அறை மறைந்துவிடும்.

மஸ்டாவின் பட்டறைக் கையேட்டின்படி, இன்ஜின் நிமிடத்துக்கு 250 சுற்று சுழலும்போது 830 கிலோபாஸ்கல் என்பது சரியான அளவு. 680க்குக் குறைந்தால் இன்ஜின் தேய்ந்துவிட்டது என்று பொருள். ஒரே ரோட்டரின் அறைகளுக்கு இடையே 150க்கு மேலும், இரண்டு ரோட்டர்களுக்கு இடையே 100க்கு மேலும் வேறுபாடு இருக்கக் கூடாது. இந்த எண்களைத் தாளில் எழுதித் தரச் சொல்லி வாங்கிக்கொள்ள வேண்டும். அளக்கவே விடமாட்டேன் என்று விற்பவர் சொன்னால், அந்தக் காரை விட்டுவிடுவதே மேல்.

கருவி இல்லாத இடத்தில் செய்யக்கூடிய சோதனை ஒன்று உண்டு. இன்ஜின் ஆறிய நிலையில் காரைப் பார்க்கக் கேட்க வேண்டும். 20 நிமிடம் ஓட்டிச் சூடேறியதும் அணைத்து, பத்து நிமிடம் கழித்து மறுபடி ஸ்டார்ட் செய்ய வேண்டும். நெடுநேரம் சுழன்ற பிறகே பிடித்தால் கம்ப்ரஷன் குறைந்திருக்க வாய்ப்பு அதிகம்.

புஸ்பாகோம் பாஸ் போதாது

'புஸ்பாகோம் பாஸ் ஆன கார்' என்று விற்பவர் சொல்லலாம். உரிமை மாற்றத்துக்கான பி5 சோதனையில் சாசி எண், இன்ஜின் எண் போன்ற அடையாளங்களே முக்கியமாகப் பார்க்கப்படும். ரோட்டரின் கம்ப்ரஷனை யாரும் அளக்க மாட்டார்கள். அதே நேரத்தில் கிரானில் உள்ள இன்ஜின் எண்ணைக் காரோடு ஒப்பிட வேண்டியது அவசியம். இன்ஜின் கெட்டதும் ஹாஃப்-கட் கடையில் வேறு இன்ஜின் வாங்கிப் போட்டு, ஜேபிஜேயில் பதிவு செய்யாத கார்களை மாற்றுவது சிக்கல்.

கணக்கையும் சரியாகப் போட வேண்டும். பத்து ஆண்டைத் தாண்டிய காருக்கு வங்கிக் கடன் கிடைப்பது அரிது என்பதால் பெரும்பாலும் ரொக்கமே. உதாரணத்துக்கு, கார் 30,000 ரிங்கிட், இன்ஜினைப் பிரித்துப் புதுப்பிக்கப் பட்டறை கேட்கும் தொகை 12,000 ரிங்கிட் என்றால், காரின் உண்மையான விலை 42,000 ரிங்கிட். அந்த 12,000 கையில் இல்லாதவர், இன்ஜின் நின்ற அன்று ஆ லோங் வாசலில் நிற்க நேரிடும். பெட்ரோலும் 100 கிலோமீட்டருக்குச் சுமார் 11 லிட்டர் ஆகும். வேலைக்குப் போக வர 70 கிலோமீட்டர் ஓட்டுபவருக்கு நாளுக்குச் சுமார் 8 லிட்டர்.

வாங்கிய பின் ஏமாற்றம் என்றால்?

கார் வியாபாரியிடம் சொந்தப் பயனுக்கு வாங்கியவர், 1999ஆம் ஆண்டு பயனீட்டாளர் பாதுகாப்புச் சட்டத்தின்கீழ் பயனீட்டாளர் கோரிக்கைத் தீர்ப்பாயத்தில் 50,000 ரிங்கிட் வரை கோரலாம். கட்டணம் 5 ரிங்கிட். மூன்று ஆண்டுகளுக்குள் மனு செய்ய வேண்டும், வழக்கறிஞர் தேவையில்லை. ஆனால் 'இன்ஜின் பலவீனம்' என்று விற்பவர் முன்கூட்டியே சொல்லியிருந்தால், அதே குறைக்காகப் பிறகு கோர முடியாது. தனி நபரிடம் வாங்கினால் இந்தத் தீர்ப்பாயம் உதவாது. ஆகவே விற்பவர் சொல்வதை வாட்ஸ்அப்பிலாவது எழுத்தில் பெற்று வைத்துக்கொள்ள வேண்டும்.

கடைசியாக, ரோட்டரி வேலை தெரிந்த பட்டறை எங்கே இருக்கிறது என்பதைக் காரைத் தேடும் முன்பே தேட வேண்டும். அப்படி ஒரு பட்டறை அருகில் இல்லையென்றால், பழுதாகும் ஒவ்வொரு முறையும் காரை லாரியில் ஏற்றும் செலவும் கணக்கில் சேரும்.