வண்டி போனாலும் தவணை போகாது!

காங்கயம் ரைஸ் மில்லில் அரிசி ஏற்றித் திருப்பூர் திரும்பும் நம் கடை வண்டி, வழியில் கவிழ்ந்து நொறுங்கிவிட்டது என்று வைத்துக்கொள்வோம். டிரைவர் உயிர் தப்பிவிட்டார். "இன்ஷூரன்ஸ்தான் இருக்கிறதே" என்று நம்மில் பலரும் ஆறுதல் அடைவோம். ஆனால் கைக்கு எவ்வளவு வரும் என்பது பாலிசி எடுத்த அன்றே பெரும்பாலும் முடிவாகிவிடுகிறது.

பாலிசியில் ஐ.டி.வி. என்றொரு தொகை இருக்கும். வண்டியின் கம்பெனி விலையில் வயதுக்கேற்பத் தேய்மானம் கழித்துக் குறிக்கும் காப்பீட்டு மதிப்பு இது. வழக்கமான கழிவு, ஓராண்டு முடிந்து இரண்டாண்டு வரை 20 சதவீதம், மூன்றாண்டு வரை 30, நான்காண்டு வரை 40, ஐந்தாண்டு வரை 50. ரிப்பேர் செலவு இந்த ஐ.டி.வி.யில் 75 சதவீதத்தைத் தாண்டினால், அது முழுச் சேதம்.

கணக்குப் போட்டுப் பார்ப்போம். கம்பெனி விலை ரூ.6 லட்சம். மூன்றாம் ஆண்டில் ஐ.டி.வி. ரூ.4,20,000. கடன் பாக்கி ரூ.3,60,000. இழப்பீட்டில் முதல் உரிமை பைனான்ஸ் கொடுத்தவருக்கே. மீதி ரூ.60,000-இல் பாலிசியில் உள்ள கட்டாயக் கழிவு போக எஞ்சுவதே நமக்கு. பிரீமியம் குறையட்டும் என்று ஐ.டி.வி.யை ரூ.3,30,000 ஆக்கியிருந்தால்? வண்டியும் இல்லை, கையிலிருந்து ரூ.30,000-க்கு மேல் கட்டவும் வேண்டும்.

விபத்து நடந்தால் செய்ய வேண்டியவை:

1. காவல் நிலையத்துக்கும் இன்ஷூரன்ஸ் கம்பெனிக்கும் உடனே தெரிவியுங்கள். சர்வேயர் பார்க்கும்வரை வண்டியைப் பிரிக்க விடாதீர்கள்.

2. கிளெய்ம் முடியும்வரை தவணையை நிறுத்தாதீர்கள். நிறுத்தினால் அபராத வட்டி ஏறும். நாளை கடன் வாங்கும் தகுதியும் கெடும்.

3. முழுச் சேதத்துக்கு ஐ.டி.வி.யே கணக்கு. பாலிசி ஆண்டு முடியும்வரை அதில் மேலும் தேய்மானம் கழிக்க இடமில்லை. குறைத்துக் கேட்டால் காரணத்தை எழுத்தில் கேளுங்கள்.

4. மோட்டார் வாகனச் சட்டம் 55-ஆவது பிரிவின்படி, வண்டி அழிந்ததை 14 நாட்களுக்குள் அல்லது இயன்ற விரைவில் ஆர்.டி.ஓ. அலுவலகத்தில் தெரிவித்து ஆர்.சி.யை ஒப்படைக்க வேண்டும். ஆர்.சி.யோடு சேர்த்து இரும்புக்கடைக்குத் தள்ளிவிடுவது ஆபத்து.

5. வண்டியிலிருந்த அரிசி, பருப்புக்கு வண்டிப் பாலிசி பணம் தராது. அதற்குச் சரக்குப் போக்குவரத்துப் பாலிசி தனி. அழிந்த சரக்குக்கு எடுத்த ஜி.எஸ்.டி. உள்ளீட்டு வரியையும் திருப்ப வேண்டும். ஆடிட்டரிடம் சொல்லிவிடுங்கள்.

டிரைவர் லைசென்ஸைக் காட்டிக் கிளெய்மை மறுத்தால் பயப்பட வேண்டாம். மொத்த எடை 7,500 கிலோவுக்கு மிகாத சரக்கு வண்டியைச் சாதாரண இலகு வாகன லைசென்ஸ் உள்ளவர் ஓட்டலாம் என்று உச்ச நீதிமன்றத்தின் அரசியல் சாசன அமர்வு 2024 நவம்பரில் தீர்ப்பளித்திருக்கிறது.

கம்பெனிக்கு எழுதிய புகாருக்கு ஒரு மாதத்தில் பதில் இல்லையென்றாலும், வந்த பதில் திருப்தி தராவிட்டாலும், ஓராண்டுக்குள் சென்னையிலுள்ள காப்பீட்டுக் குறைதீர்ப்பாளரிடம் போகலாம். கட்டணம் இல்லை, வக்கீலும் வேண்டாம். தனி உரிமையாளர் கடைகளும் குறு நிறுவனங்களும் மனுச் செய்யலாம்.

இன்று கடை சாத்தியதும் பாலிசியை எடுத்து, ஐ.டி.வி.யையும் கடன் பாக்கியையும் பக்கத்தில் பக்கத்தில் எழுதிப் பாருங்கள். பாக்கி அதிகமாக இருந்தால், அடுத்த புதுப்பிப்பில் ஐ.டி.வி.யைச் சரிசெய்யக் கேளுங்கள். அப்போதும் குறைந்தால் அந்த வித்தியாசத்தை இப்போதிருந்தே ஒதுக்கி வையுங்கள்.