குகேஷ் ஏறிய ஏணி: செஸ் ரேட்டிங் என்ன சொல்கிறது, எதைச் சொல்வதில்லை?

ஜவ்வாது மலைக்கு வந்து வீட்டிலிருந்தே வேலை பார்க்க ஆரம்பித்ததில் எனக்குக் கிடைத்த ஒரு லாபம், பக்கத்து வீட்டுப் பையன். எட்டாம் வகுப்பு படிக்கிறான். ஜமுனாமரத்தூரில் கரண்ட் போகிற சாயங்காலங்களில் இரண்டு பேரும் செஸ் ஆடுவோம். போன வருஷம் வரை பெரும்பாலும் நான்தான் ஜெயிப்பேன். இப்போது பத்து ஆட்டத்தில் ஏழு அவனுக்கு.

"இவனுக்கு ஒரு ரேட்டிங் வாங்கிடலாம்ங்க" என்று அவன் அப்பாவிடம் சொன்னேன். வாசலில் சாமை காயப்போட்டுக்கொண்டிருந்தவர் நிமிர்ந்து, "அந்த நம்பர வாங்கி என்ன சார் பண்றது?" என்று கேட்டார்.

அன்றைக்கு ஏதோ சொல்லிச் சமாளித்தேன். அப்புறம் உட்கார்ந்து படித்து, கணக்குப் போட்டுப் பார்த்ததுதான் இந்தக் குறிப்பு.

கணக்கு ரொம்ப எளிது

ஹங்கேரியில் பிறந்து அமெரிக்காவில் இயற்பியல் பேராசிரியராக இருந்த ஆர்பாட் எலோ உருவாக்கிய முறையை, உலக செஸ் கூட்டமைப்பான ஃபிடே 1970-ல் ஏற்றுக்கொண்டது. இதில் இரண்டு பேருடைய ரேட்டிங்குக்கும் நடுவில் உள்ள வித்தியாசம்தான் முக்கியம். 200 அதிகம் உள்ளவர் 100 ஆட்டத்தில் 76 பாயிண்ட் எடுப்பார் என்று எதிர்பார்க்கப்படுகிறது. 400 அதிகம் என்றால் 92. (டிரா ஆனால் அரை பாயிண்ட்.) எதிர்பார்த்ததற்கும் நடந்ததற்கும் உள்ள வித்தியாசத்தை 'கே' என்ற ஒரு எண்ணால் பெருக்கி, ரேட்டிங்கில் கூட்டுவார்கள் அல்லது கழிப்பார்கள்.

விஷயமே இந்த 'கே'-யில்தான் இருக்கிறது. 18 வயதுக்குட்பட்டவர்களுக்கு, 2300-க்குக் கீழே இருக்கும்வரை அது 40. புதிதாக வருபவர்களுக்கும் முதல் 30 ஆட்டம் வரை 40. மற்றவர்களுக்கு 20. ஒரு தடவை 2400-ஐத் தொட்டுவிட்டால் 10. பிறகு கீழே இறங்கினாலும் 10-தான்.

ஒரு வார இறுதிப் போட்டியில் 1650 ரேட்டிங்கோடு உட்கார்ந்த என்னை, 1450 வைத்திருந்த ஒரு சிறுமி முப்பதே நகர்வில் முடித்துவிட்டாள். எனக்குப் போனது 15, அவளுக்கு வந்தது 30. அவள் உண்மையில் 1450 பலம் உள்ளவள் இல்லை. பட்டியல் அவளை எட்டிப் பிடிக்கவில்லை, அவ்வளவுதான். எங்கள் தொழில் பாஷையில் சொன்னால், கேஷ் இன்னும் ரெஃப்ரெஷ் ஆகவில்லை.

அதாவது, ரேட்டிங் காட்டுவது ஒருவர் இதுவரை ஆடியதை. வேகமாக வளர்கிற குழந்தைகளின் எண் எப்போதும் அவர்களுக்குப் பின்னாலேயே ஓடிவரும். இங்கே காவலூர் தொலைநோக்கியில் பார்க்கிற நட்சத்திர ஒளியும் பழையதுதானே!

2020-ல் கொரோனாவால் நேரடிப் போட்டிகள் நின்றபோது இந்த இடைவெளி பெரிதானது. பிள்ளைகள் ஆன்லைனில் ஆடி வளர்ந்தார்கள். அவர்களுடைய எண் அப்படியே நின்றது. திரும்ப வந்ததும், எதிரே உட்கார்ந்த பெரியவர்களின் ரேட்டிங் சரிந்தது. ரேட்டிங்குகள் இப்படிப் பொதுவாகவே கீழே இழுபட்டதைச் சரிசெய்ய, 2024 மார்ச்சில் ஃபிடே 2000-க்குக் கீழே இருந்தவர்களின் ரேட்டிங்கை ஒரே தடவையில் உயர்த்த வேண்டியிருந்தது.

மேல்படிகள்

மேலே போகப் போக ஏணி செங்குத்தாகிறது. 2500-லிருந்து 2750-க்குப் போக வேண்டும், எதிராளிகள் எப்போதும் சமமானவர்கள் என்று வைத்துக்கொள்வோம். 'கே' 10 என்றால் ஒரு வெற்றிக்கு 5 புள்ளி. தோல்விகளைவிட வெற்றிகள் 50 அதிகமாக வேண்டும்! 'கே' 40-ஆக இருந்தால் 13 போதும்.

சென்னை குகேஷ் 2019 ஜனவரியில் 12 வயது 7 மாதம் 17 நாளில் கிராண்ட்மாஸ்டர் ஆனார். 2023 செப்டம்பர் பட்டியலில் அவர் 2758, உலகில் எட்டாவது. விஸ்வநாதன் ஆனந்த் 2754, ஒன்பதாவது. 37 வருஷமாக ஆனந்திடம் இருந்த இந்திய முதலிடம் அன்றைக்குக் கைமாறியது. 2024 டிசம்பர் 12-ல் சிங்கப்பூரில் டிங் லிரெனை வென்று, 18 வயதில் உலக சாம்பியன்.

அவர் தனி ஆளும் இல்லை. பிரக்ஞானந்தா 2018-ல் கிராண்ட்மாஸ்டர், 2023 உலகக் கோப்பையில் இரண்டாமிடம். அக்கா வைஷாலியும் கிராண்ட்மாஸ்டர். இருவருக்கும் பயிற்சி கொடுத்த ஆர்.பி. ரமேஷும் ஒரு கிராண்ட்மாஸ்டர். 1988-ல் ஆனந்த் அந்தப் பட்டம் வாங்கியபோது, வழிகாட்ட இந்தியாவில் இன்னொரு கிராண்ட்மாஸ்டர் கிடையாது. வித்தியாசம் இங்கேதான்.

கம்ப்யூட்டர்தான் காரணம் என்று சொல்பவர்கள் உண்டு. சீனாவின் கோ விளையாட்டைப் பார்த்தால் அப்படித்தான் தோன்றும். 2017-ல் கே ஜியேயை ஆல்ஃபாகோ 3-0 என்று தோற்கடித்த பிறகு, அங்கே செயற்கை நுண்ணறிவோடுதான் பயிற்சி. 2000-ல் பிறந்த டிங் ஹாவ் 2023, 2024 இரண்டு வருஷமும் சாம்சங் கோப்பையைத் தூக்கினார். ஆனால் குகேஷின் பயிற்சியாளர் விஷ்ணு பிரசன்னா, ஆரம்ப வருஷங்களில் அவரை செஸ் இன்ஜின் பக்கமே விடவில்லை. இரண்டு பாதையிலும் பொதுவாக இருப்பது, சின்ன வயதிலேயே பலமான ஆட்களோடு நிறையப் போட்டி ஆடியது. அதற்கு ஒருவர் கூடவே அலைய வேண்டும். குகேஷின் அப்பா தன் மருத்துவத் தொழிலையே நிறுத்திவிட்டு மகனோடு ஊர் ஊராகப் போனார்.

சாமை வாசலுக்குத் திரும்பினால்

முதல் ரேட்டிங் வாங்க, ஏற்கெனவே ரேட்டிங் உள்ளவர்களோடு குறைந்தது 5 ஆட்டம் ஆட வேண்டும். சென்னைப் பிள்ளைக்கு அது ஒரு சனி, ஞாயிறு. எங்கள் பையனுக்கு மலையிறங்கும் பஸ், நுழைவுக் கட்டணம், இரண்டு நாள் தங்கும் இடம், அப்பாவுக்கு இரண்டு நாள் வேலை போவது. பட்டியல் பொய் சொல்வதில்லை. ஆனால் வந்து ஆடியவர்களை மட்டும்தான் அதற்குத் தெரியும்.

அவரிடம் திரும்பப் போய்ச் சொன்னேன்: "நம்பரால ஒண்ணும் ஆகாதுங்க. ஆனா அது இருந்தாத்தான் நல்லா ஆடறவங்க இவன்கூட உக்காருவாங்க. அங்கதான் இவன் கத்துப்பான்."

கொஞ்ச நேரம் யோசித்தார். "அறுவடை முடியட்டும் சார், நானும் வரேன்" என்றார்.