பழைய உழவு இயந்திரங்களில் நீர்ம அழுத்த நெகிழ்குழாய் இணைப்பு

நீர்ம அழுத்த நெகிழ்குழாய் என்பது உழவு இயந்திரத்தின் எண்ணெய்ப் பம்பில் உருவாகும் அழுத்தத்தைக் கலப்பை, முன் ஏற்றி, சாய்க்கும் இழுவண்டி போன்ற கருவிகளின் சிலிண்டருக்குக் கொண்டு செல்லும் வளையக்கூடிய குழாய் ஆகும். பட்டறை வழக்கில் இது ஹைட்ராலிக் ஹோஸ் எனப்படுகின்றது. பல ஆண்டுகள் பயன்படாமல் இருந்த பழைய உழவு இயந்திரம் ஒன்றைச் சீர்செய்யும்போது, கழற்றப்பட்ட நெகிழ்குழாய்களைத் திரும்ப இணைப்பது முக்கியமான பணிகளுள் ஒன்றாகும். எந்தக் குழாய் எந்தத் துளைக்கு உரியது, அதன் முனை எவ்வகை மரையைக் கொண்டது, உள்ளே அழுத்தம் எஞ்சியுள்ளதா என்னும் மூன்று கேள்விகளுக்கும் விடை தெரிந்த பின்னரே இப்பணி தொடங்கப்பட வேண்டும். தவறான இணைப்பு பம்பை உடைக்கவும், தூக்கிய சுமையை விழச் செய்யவும், எண்ணெயை மனித உடலுக்குள் பாய்ச்சவும் கூடும்.

வரலாறு

அயர்லாந்தைச் சேர்ந்த பொறியாளர் ஹாரி பெர்குசன், கருவியை உழவு இயந்திரத்துடன் மூன்று இடங்களில் பிணைத்து எண்ணெய் அழுத்தத்தால் உயர்த்தும் முறையை உருவாக்கினார். இம்முறை 1936இல் பெர்குசன்-பிரவுன் இயந்திரத்திலும், 1939இல் ஃபோர்டு 9என் இயந்திரத்திலும், 1946 முதல் 1956 வரை இங்கிலாந்தின் கவென்ட்ரி நகரில் தயாரிக்கப்பட்ட டி.இ.20 இயந்திரத்திலும் இடம்பெற்றது. டி.இ.20 வகையில் 5 இலட்சத்துக்கும் மேற்பட்ட இயந்திரங்கள் உருவாக்கப்பட்டன. இவற்றில் பம்பும் தூக்கும் சிலிண்டரும் இயந்திரத்தின் உடலுக்குள்ளேயே அமைந்திருந்ததால், கலப்பையை உயர்த்த வெளிக்குழாய் எதுவும் தேவைப்படவில்லை.

இயந்திரத்துக்கு வெளியே உள்ள சிலிண்டர்களையும் இயக்க வேண்டிய தேவை எழுந்தபோது நெகிழ்குழாய்களின் பயன்பாடு பெருகியது. 1960இல் ஜான் டியர் நிறுவனம் அறிமுகப்படுத்திய புதிய வரிசை இயந்திரங்களில், முன்புறத்தில் உள்ள ஒரே பம்பு திசைமாற்றி, தடை, பின்தூக்கி, வெளிச் சிலிண்டர்கள் ஆகிய அனைத்துக்கும் எண்ணெய் அளித்தது. 1963 முதல் 1972 வரை வெளிவந்த 4020 இவ்வரிசையில் புகழ்பெற்றதாகும். இதன் அழுத்தம் சதுர அங்குலத்துக்குச் சுமார் 2,250 பவுண்டு, அதாவது ஏறத்தாழ 155 பார் ஆகும்.

சென்னையைத் தலைமையிடமாகக் கொண்டு 1960இல் தொடங்கப்பட்ட டாஃபே நிறுவனம், மாசி பெர்குசன் நிறுவனத்தின் கூட்டுறவுடன் உழவு இயந்திரங்களைத் தயாரித்தது. இதனால் பெர்குசனின் தூக்கு முறை தமிழக வயல்களிலும் பரவியது.

செயற்படும் முறை

அடைபட்ட நீர்மத்தில் ஏற்படுத்தப்படும் அழுத்தம் எல்லாத் திசைகளிலும் சமமாகப் பரவும் என்னும் பாசுக்கலின் விதியே இதன் அடிப்படையாகும். 75 மில்லிமீட்டர் விட்டமுள்ள பிஸ்டன் மீது 150 பார் அழுத்தம் செயற்பட்டால் கிடைக்கும் விசை ஏறத்தாழ 6.7 டன் எடைக்குச் சமமாகும். விரல் பருமனுள்ள ஒரு குழாய் இவ்வளவு விசைக்கு வழிவிடுகின்றது என்பதே இணைப்பில் காட்ட வேண்டிய கவனத்துக்குக் காரணம்.

சிலிண்டர்கள் இரு வகைப்படும். ஒருவழிச் சிலிண்டரில் எண்ணெய் ஒருபுறம் மட்டுமே தள்ளும். சுமையின் எடையால் பிஸ்டன் திரும்பும். சாய்க்கும் இழுவண்டிகள் பெரும்பாலும் இவ்வகையைச் சேர்ந்தவை. இவற்றுக்கு ஒரு குழாயே போதும். இருவழிச் சிலிண்டருக்கு இரண்டு குழாய்கள் உண்டு. ஒன்றில் எண்ணெய் செல்லும்போது மற்றொன்றில் திரும்பி வரும். இவ்விரண்டும் இடம் மாறினால் நெம்புகோலின் செயல் தலைகீழாகிவிடும். உயரும் என எதிர்பார்த்த ஏற்றி திடீரெனத் தாழும்போது, அதன் கீழ் நிற்பவருக்கு உயிராபத்து ஏற்படலாம்.

திறந்த மையமும் மூடிய மையமும்

குழாய்களை இணைக்கும் முன் இயந்திரம் எந்த முறையைச் சேர்ந்தது என அறிவது இன்றியமையாதது.

திறந்த மைய முறையில் பம்பு இடைவிடாமல் எண்ணெயைச் செலுத்திக்கொண்டிருக்கும். நெம்புகோல் நடுநிலையில் உள்ளபோது எண்ணெய் வால்வின் நடுவே புகுந்து தொட்டிக்குத் திரும்பும். இத்திரும்பு வழி ஒருபோதும் அடைபடக் கூடாது. 1950களின் ஃபார்மால் இயந்திரங்களில் இருந்த ஹைட்ரா-டச் இம்முறையைச் சேர்ந்தது.

மூடிய மைய முறையில் நெம்புகோல் நடுநிலையில் உள்ளபோது வழி மூடப்பட்டிருக்கும். அழுத்தம் உரிய அளவை எட்டியதும் பம்பு தன் வெளியீட்டைத் தானே குறைத்துக்கொள்ளும். ஜான் டியர் 4020 இம்முறையைச் சேர்ந்தது.

ஒரு முறைக்குரிய வால்வை மற்றொன்றில் பொருத்தினால் எண்ணெய் கடுமையாகச் சூடேறும். மூடிய மைய வால்வு திறந்த மையப் பம்பின் வழியை அடைத்துவிடுவதால் எண்ணெய் முழுவதும் அழுத்தத் தணிப்பு வால்வின் வழியே பீறிடும். திறந்த மைய வால்வு மூடிய மையப் பம்பை ஓயாமல் முழு அளவில் ஓட வைக்கும்.

பின்னாளில் பொருத்தப்பட்ட முன் ஏற்றிகளில் தவறு நேர வாய்ப்பு மிகுதி. இவற்றின் வால்வுத் தொகுதியில் பம்பிலிருந்து வரும் குழாய், தொட்டிக்குத் திரும்பும் குழாய், அடுத்த வால்வுக்குச் செல்லும் குழாய் என மூன்று இருக்கலாம். அழுத்தத் தணிப்பு வால்வு உள்வழிப் பக்கத்திலேயே அமைந்திருக்கும். உள்வழியும் வெளிவழியும் மாறினால் இப்பாதுகாப்பு பயனற்றுப்போகும். வேறு தணிப்பு வால்வு இல்லாவிட்டால் பம்பின் உடல் பிளக்கக்கூடும்.

டி.இ.20 இவ்விரண்டிலிருந்தும் வேறுபட்டது. இதில் கட்டுப்பாட்டு வால்வு பம்பின் உறிஞ்சு பக்கத்தில் உள்ளது. மேலும், பம்பு பவர் டேக்-ஆஃப் தண்டினால் இயக்கப்படுவதால், அதற்குரிய நெம்புகோல் பொருத்தப்பட்டால் மட்டுமே தூக்கி செயற்படும். குழாய் சரியாக இணைக்கப்பட்டும் தூக்கி அசையாதபோது முதலில் பார்க்க வேண்டியது இதுவே.

மரை வகைகள்

பழைய இயந்திரங்களில் பல நாடுகளின் மரைகள் கலந்து காணப்படுகின்றன. இவற்றுள் சில ஒன்றுடன் ஒன்று பொருந்துவது போலத் தோன்றினாலும் உண்மையில் பொருந்துவதில்லை.

என்.பி.டி. என்பது அமெரிக்கக் கூம்பு மரை. மரைக் கோணம் 60 பாகை. மரையே எண்ணெய்க் கசிவைத் தடுப்பதால் இதற்கு அடைப்புப் பசை தேவை.

பி.எஸ்.பி. என்பது பிரித்தானியக் குழாய் மரை. கோணம் 55 பாகை. அரை அங்குல அளவில் இதற்கும் என்.பி.டி.க்கும் அங்குலத்துக்கு 14 மரைகளே உள்ளன. ஆகையால் ஒன்றை மற்றொன்றில் திருக முடியும். ஆனால் அழுத்தம் ஏறும்போது கசியும் அல்லது பிய்த்துக்கொள்ளும். கால் அங்குல அளவில் முன்னதற்கு 19, பின்னதற்கு 18 மரைகள் உள்ளன.

ஜே.ஐ.சி. இணைப்பில் 37 பாகைக் கூம்பு முகங்கள் ஒன்றையொன்று அழுத்திக் கசிவைத் தடுக்கின்றன. 45 பாகை எஸ்.ஏ.இ. விரிமுனையும் அரை அங்குலக் குழாய் அளவில் இதே மரையைக் கொண்டுள்ளதால் இரண்டும் அடிக்கடி குழப்பிக்கொள்ளப்படுகின்றன.

ஓ வளைய இணைப்பில் மரை நேரானது. இரப்பர் வளையமே கசிவைத் தடுக்கின்றது.

கூம்பு முகங்களுக்கும் ஓ வளையங்களுக்கும் அடைப்பு நாடா சுற்றக் கூடாது. நாடாவின் நூல்கள் பிரிந்து வால்வுகளில் சிக்கிக்கொள்ளும். மரையின் எண்ணிக்கையை மரை அளவியாலும் விட்டத்தை வெர்னியர் அளவியாலும் அளந்து வகையைத் தீர்மானிப்பதே பாதுகாப்பான வழியாகும்.

குழாயின் தேர்வு

பழைய குழாயின் புறத்தோற்றம் நன்றாக இருந்தாலும் உள்ளே இரப்பர் பிரிந்து எண்ணெய் வழியை அடைத்திருக்கலாம். உட்புறத்தில் எஃகுக் கம்பிப் பின்னல் குழாயின் வலிமையைத் தீர்மானிக்கின்றது. ஐரோப்பியத் தரத்தின்படி அரை அங்குல உள்விட்டத்தில் ஒற்றைப் பின்னல் குழாய் 160 பார் அழுத்தத்துக்கும், இரட்டைப் பின்னல் குழாய் 275 பார் அழுத்தத்துக்கும் உரியது. வெடிக்கும் அழுத்தம் இவற்றைப் போல் குறைந்தது நான்கு மடங்காக இருக்க வேண்டும். குழாயின் அளவு அங்குலத்தின் பதினாறில் ஒரு பங்குகளாகக் குறிக்கப்படும். 8 என்பது அரை அங்குலமாகும்.

அழுத்தத்தின்போது குழாயின் நீளம் 2 விழுக்காடு வரை கூடவோ 4 விழுக்காடு வரை குறையவோ செய்யும். ஆகவே குழாய் இழுபட்ட நிலையில் பொருத்தப்படக் கூடாது. குழாயின் மேல் அச்சிடப்பட்டுள்ள நீளக்கோடு நேராக இருந்தால் அது முறுக்கப்படவில்லை என அறியலாம்.

இணைக்கும் வரிசை

1. கருவியைத் தரையில் இறக்கி, இயந்திரத்தை நிறுத்திய பின்னர், நெம்புகோலை இரு திசைகளிலும் பலமுறை அசைத்து எஞ்சிய அழுத்தத்தை நீக்க வேண்டும். அழுத்தச் சேமிப்பான் உள்ள இயந்திரங்களில், இயந்திரம் நின்ற பின்னரும் அழுத்தம் தங்கியிருக்கும்.
2. துளைகளில் பொறிக்கப்பட்ட எழுத்துகளையும் பணிக் கையேட்டின் படத்தையும் ஒப்பிட்டு, ஒவ்வொரு குழாய்க்கும் அடையாளச் சீட்டு கட்ட வேண்டும்.
3. முனைகளை நூல் பிரியாத துணியால் துடைக்க வேண்டும். சிறு மணல் துகளும் பம்பைத் தேய்த்துவிடும்.
4. மரையை முதலில் கையாலேயே திருக வேண்டும். பின்னர் ஒரு ஸ்பேனரால் பொருத்தியைப் பிடித்துக்கொண்டு மற்றொன்றால் நட்டை இறுக்க வேண்டும்.
5. எண்ணெய் அளவைச் சரிபார்த்து, இயந்திரத்தைக் குறைந்த வேகத்தில் ஓட்டி, சிலிண்டரை முழுவதும் நீட்டியும் சுருக்கியும் காற்றை வெளியேற்ற வேண்டும். பின்னர் எண்ணெய் அளவை மறுபடியும் பார்க்க வேண்டும்.

டி.இ.20 போன்றவற்றில் பல்லிணைப் பெட்டியின் எண்ணெயே தூக்கிக்கும் பயன்படுகின்றது. பெரிய வெளிச் சிலிண்டர் நீளும்போது பல்லிணைகளுக்குரிய எண்ணெய் குறைகின்றது என்பது கவனிக்கத்தக்கது.

விரைவு இணைப்பி சில நேரங்களில் உள்ளே நுழைய மறுக்கும். கழற்றி வைத்த கருவி வெயிலில் நிற்கும்போது அடைபட்ட எண்ணெய் விரிவடைந்து முனையின் வால்வை இறுக அழுத்துவதே இதன் காரணமாகும். முனையைச் சுத்தியலால் தட்டித் திறப்பது ஆபத்தானது. கருவியை நிழலில் ஆறவிட்டு முயலலாம். பழைய இயந்திரங்களில் ஒவ்வொரு நிறுவனமும் தனக்கென வேறு வடிவ இணைப்பியைப் பயன்படுத்தியது, பின்னர் ஐ.எஸ்.ஓ. 5675 தரம் பொது வடிவத்தை வகுத்தது.

எண்ணெய் ஊடுருவல் காயம்

ஊசித்துளை அளவுள்ள கசிவிலிருந்து பீறிடும் எண்ணெய் தோலைத் துளைத்துத் தசைக்குள் புகும். உயரழுத்த டீசல் எண்ணெய் இவ்வாறு உடலுள் புகுந்த நிகழ்வு 1937இலேயே அமெரிக்க மருத்துவக் கழக இதழில் பதிவாகியுள்ளது. தொடக்கத்தில் சிறு குத்துக்காயம் போன்ற புள்ளியே தெரியும்; வலியும் குறைவாக இருக்கலாம். சில மணி நேரத்தில் வீக்கமும் திசு அழிவும் ஏற்படும். உடனடியாக அறுவை மருத்துவம் செய்யப்படாவிட்டால் விரலையோ கையையோ அகற்ற நேரலாம். எனவே காயம் சிறிதாகத் தோன்றினாலும் தாமதமின்றி மருத்துவமனைக்குச் சென்று, அழுத்தத்துடன் எண்ணெய் உள்ளே புகுந்தது என்பதைத் தெளிவாகக் கூற வேண்டும். எண்ணெயின் பெயரையும் தெரிவிக்க வேண்டும்.

இக்காரணத்தால் கசிவு ஒருபோதும் கையால் தடவிக் கண்டறியப்படுவதில்லை. கண்ணாடியும் கையுறையும் அணிந்து, நீண்ட அட்டைத் துண்டு ஒன்றைக் குழாயின் அருகே நகர்த்தி அதில் படியும் எண்ணெய்க் கறையைக் கொண்டே கசிவின் இடம் அறியப்படுகின்றது. கையுறை இத்தகைய பீச்சலைத் தடுக்காது. கசிவைக் கண்டதும், அழுத்தம் உள்ள நிலையிலேயே நட்டை இறுக்க முயலாமல், இயந்திரத்தை நிறுத்தி அழுத்தத்தை நீக்கிய பின்னரே சரிசெய்ய வேண்டும்.

இவற்றையும் பார்க்கவும்

உழவு இயந்திரம்
பாசுக்கலின் விதி
மும்முனைப் பிணைப்பு
திருகுமரை